குட்டைச் செடியும் அக்டோபர் மழையும்

போன வாரம் ஒரு நண்பர் போனில் கேட்டார்: "வருஷா வருஷம் நீங்கள் வைக்கிற அந்தக் குட்டைச் செடியை இந்த முறை நானும் வாங்கட்டுமா?" சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஐந்து கோடையாக ஒட்டாவாவில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் நார்தர்ன் லைட்ஸ் என்னும் கஞ்சா ரகத்தை வளர்க்கிறேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குச் சட்ட அனுமதி உண்டு. ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 19 வயதானவர்கள் வீட்டில் 4 செடி வைக்கலாம். வீட்டுக்கு 4, ஆளுக்கு 4 இல்லை. ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது பொருந்தாது. இந்தியாவில் வளர்த்தால் குற்றம்.

முதலில் பிடித்ததைச் சொல்கிறேன். ஆப்கானிஸ்தான் மலைச் செடிகளின் வழிவந்த ரகம் இது. இலை அகலம், கணுக்கள் நெருக்கம். ஐந்து வருஷத்தில் ஒரு செடிகூட என் மார்பு உயரத்தைத் தாண்டியதில்லை. வேலிக்குக் கீழேயே அடங்கிவிடும். தொட்டியில் வைத்தால் ஒரே ஆள் தூக்கிக் கொட்டகைக்குள் வைத்துவிடலாம். குளிரைத் தாங்கும் விதம்தான் எனக்கு இன்னும் ஆச்சரியம். செப்டம்பர் கடைசியில், இரவில் 5 டிகிரிக்கு இறங்கும்போது, பக்கத்தில் தக்காளி துவண்டு நிற்கும். இது நிமிர்ந்தே இருக்கும். இலை ஓரம் ஊதா ஏறும். கத்தரிக்காய்த் தோலுக்கு நிறம் கொடுக்கிற ஆந்தோசயனின் வகை நிறமிதான் அது. காலை வெயிலில் அதைப் பார்க்கவே பலநாள் காபியோடு வெளியே போய் நின்றிருக்கிறேன்.

இப்போது மனத்தாங்கல். பூ இறுக்கமாகக் கட்டுவதுதான் இந்த ரகத்துக்குப் பெருமை என்பார்கள். என் இழப்பெல்லாம் அந்த இறுக்கத்தால்தான். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியேற வழியில்லை, காற்றும் நுழைவதில்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் போட்ரைடிஸ் என்னும் சாம்பல் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். திராட்சையையும் ஸ்ட்ராபெரியையும் அழுக வைப்பதும் இதுதான். வெளியே ஒன்றும் தெரியாது. பச்சையாக இருக்கும் கொத்தின் நடுவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் பழுத்துக் காய்ந்திருக்கும். இழுத்தால் எதிர்ப்பே இல்லாமல் கையோடு வரும். கொத்தைப் பிரித்தால் உள்ளே பழுப்புக் கூழ், அதன்மேல் சாம்பல் பஞ்சு. அந்தக் கொத்தைக் காய வைத்தும் பயன்படுத்தக் கூடாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

விதைப் பொட்டலத்தில் "8 வாரத்தில் பூ முடியும்" என்று போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனால் அது அறைக்குள் விளக்கை 12 மணி நேரமாகக் குறைத்த நாளிலிருந்து எண்ணும் கணக்கு. வெளியே இரவு நீளும்வரை இந்தச் செடி பூவே எடுக்காது. ஒட்டாவா ஏறக்குறைய 45 டிகிரி வடக்கில் இருக்கிறது. இங்கே ஜூனில் பகல் 15 மணி நேரத்துக்கும் மேல். என் செடிகள் ஆகஸ்ட் நடுவில்தான் மொட்டு வைக்கும். அதிலிருந்து 8 வாரம் எண்ணினால் அக்டோபர் நடு: மழை, மூடுபனி, உறைபனி மூன்றும் வந்து நிற்கும் நேரம். குளிர் நாட்டுக்கு ஏற்றது என்று சொல்லி விற்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

நானும் செய்யாததில்லை. உள்பக்கத்து இலைகளைக் கழித்தேன். மழைக்கு முன் தொட்டிகளைக் கூரைக்கடியில் இழுத்தேன். விடியற்காலையில் பனியை உதறிவிட்டேன். முதல் மூன்று வருஷம் ஓரளவு தப்பியது. போன அக்டோபரில் நாலு நாள் விடாத தூறல். ஐந்தாம் நாள் காலை, இருந்ததிலேயே பெரிய கொத்து, என் முழங்கை நீளம், தொட்டதும் உள்ளே குழைந்தது. அந்த வருஷ விளைச்சலில் பாதி குப்பைக்குப் போனது. மே மாதம் விக்டோரியா தினத்துக்கு நட்டதிலிருந்து தினமும் பார்த்துப் பார்த்து வளர்த்த செடி. அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். மேலே புகழ்ந்ததில் ஒரு சொல்லையும் நான் திரும்ப எடுக்கவில்லை, இருந்தாலும் வேண்டாம். இதே ரகத்தில் ஆட்டோஃபிளவர் விதை கிடைக்கிறது. ருடெராலிஸ் என்னும் இன்னொரு கஞ்சா வகையோடு கலந்தது என்பதால் பகல் நீளத்துக்குக் காத்திராமல் வயதை வைத்தே பூக்கும். ஜூன் தொடக்கத்தில் நட்டால் ஆகஸ்ட் கடைசிக்குள் வெட்டிவிடலாம். கொத்து சிறியதாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அப்புறம், அவர் இருப்பது வாடகை வீடு. விதைக்குப் பணம் கட்டும் முன் ஒப்பந்தத்தில் செடி வளர்க்கத் தடை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடட்டும்.