'ரன்' என்று தேடினால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி என்ன தருகிறது?

அகராதியை முழுக்கப் படித்துவிட்டு விமர்சனம் எழுத யாராலும் ஆகாது, அதனால் இணையப் பதிப்பில் ஒரே ஒரு பதிவை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'ரன்', ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள் கணக்கு. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்'தான் ராஜா, 430-க்கு மேல் பொருள் வைத்திருந்தது. மூன்றாம் பதிப்புக்காகத் திருத்தியபோது 'ரன்' முந்திவிட்டது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டியிருக்கிறார்.

படிக்கச் சுவாரசியமா? ரொம்பவே. காலால் ஓடுவது, ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது என்று போய்க்கொண்டிருந்த சொல்லின் தலையில், இயந்திரங்கள் வந்தபிறகு ரயிலும் ஆலையும் கடிகாரமும் கடைசியில் கணினி நிரலும் வந்து உட்கார்ந்துகொள்வது ஒவ்வொரு கட்டமாகத் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு போட்ட மேற்கோள்களோடு. எந்த நாட்டு வழக்கு என்ற குறிப்பும் உண்டு. தேர்தலில் அமெரிக்கர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டிஷ்காரர் 'ஸ்டாண்ட்' பண்ணுவார் (ஒருத்தர் ஓடுகிறார், ஒருத்தர் நிற்கிறார், ஓட்டு கேட்பது என்னவோ ரெண்டு பேரும்தான்).

ஆனால் அவசரத்துக்கு இது உதவாது. பொருள்கள் வரலாற்று வரிசையில் நிற்பதால் பழையதுதான் முன்னால் வரும். அலுவலக மின்னஞ்சலில் 'ரன் இட் பை மீ' என்று மேலதிகாரி எழுதியதற்கு அர்த்தம் பார்க்கப் போனால், பல நூற்றாண்டுகளைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். 'ரன் அவுட்', 'ரன் இன்டு' மாதிரியான கூட்டுவினைகள் தனிப்பகுதியில் அகர வரிசையில் இருப்பது கொஞ்சம் ஆறுதல்.

அந்த வேலைக்கு லாங்மேன் மாணவர் அகராதி போதும். சுமார் 2000 எளிய சொற்களுக்குள்ளேயே விளக்கம் எழுதுகிறார்கள், பொருள் நிறைய உள்ள சொற்களில் தேடியது கண்ணில் படுவதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் குட்டித் தலைப்பு வேறு. இணையத்தில் இலவசம். பேரகராதியை முழுசாகப் பார்க்கச் சந்தா கட்ட வேண்டும். மொழி வரலாற்றில் பித்து இருந்தால் தாராளமாகக் கட்டலாம், தேர்வுக்குப் படிப்பவர்கள் வேண்டாம். பிரிட்டனில் இருப்பவர்கள் காசு கொடுக்குமுன் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பெரும்பாலான பொது நூலகங்களில் உறுப்பினர் அட்டை எண்ணை வைத்தே உள்ளே போய்விடலாம்.