பிரிந்த பெற்றோர், ஒரு பிள்ளை, ஒரு கிளப் ஆப்: எந்த ஏற்பாடு தேறும்?

இங்கிலாந்தில் சிறுவர் ஃபுட்பால் கிளப் ஒன்றில் தன்னார்வலராக டீம் மேனேஜர் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், பயிற்சி நடத்துவதைவிட, ஆட்ட அழைப்பு, வருகைப் பதில், சந்தா எல்லாம் ஓடும் கிளப் ஆப்போடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு. அதிலும் அம்மாவும் அப்பாவும் பிரிந்து, பிள்ளை ஒரு வாரம் இங்கே மறு வாரம் அங்கே என்று வளரும் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். சனிக்கிழமை இரவு ஒருவர் "வருகிறான்" என்று அழுத்துவார், கொஞ்ச நேரத்தில் மற்றவர் "வரவில்லை" என்று மாற்றிவிடுவார், காலையில் மைதானத்தில் கோச் தலையை எண்ணிக்கொண்டு நிற்பார்.

கிளப்புகளில் அதிகம் நடப்பது ஒரே லாகினை இருவரும் பகிர்ந்துகொள்வது. செலவில்லை, வேலையில்லை, மேனேஜருக்குத் தெரியவே தேவையில்லை. இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்கும்வரை நன்றாகவே ஓடும், அதனால்தான் எல்லோரும் இதில் போய் விழுகிறார்கள். உறவு கசந்த அன்று ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிடுவார். அல்லது லாகின் கோட் ஒருவருடைய போனுக்கு மட்டும் போகும், மற்றவர் அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்க வேண்டும். பதில் சொன்னது யார் என்பதும் தெரியாது, ஆப்பின் கணக்கில் இருவரும் ஒரே ஆள்தானே. என்னைக் கேட்டால், இதை இரண்டாவது இடத்துக்குக்கூட வைக்க மாட்டேன்.

அப்புறம் சிலர் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்துக்கொண்டு ஒரே பிள்ளைக்கு இரண்டு புரொஃபைல் போடுவார்கள், அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று. அணிப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு முறை வரும், மாதச் சந்தாக் கோரிக்கை இரண்டு பேருக்கும் போகும். அதையெல்லாம் கையால் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் ஆஸ்துமா, இன்ஹேலர், வேர்க்கடலை ஒவ்வாமை போன்ற குறிப்பை ஒருவர் தன் பக்கத்துப் புரொஃபைலில் மட்டும் எழுதியிருப்பார். ஆட்டத்தின் நடுவே பையனுக்கு மூச்சு வாங்கும்போது கோச் அவசரத்தில் திறப்பது மற்றதாக இருந்தால் என்ன ஆகும்? இந்த ஏற்பாடு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, குடும்பக் கணக்கு. அமெரிக்காவின் ஸ்போர்ட்ஸ்எஞ்சின் போன்றவற்றில் 'ஹவுஸ்ஹோல்ட்' என்று குடும்பத்தையே ஓர் அலகாக வைத்திருக்கிறார்கள். பதிவு செய்பவர் கணக்கைத் தொடங்கி மற்றவரை அழைப்பார். மூன்று பிள்ளைகள் மூன்று அணியில் ஆடும் வீட்டுக்கு இது அருமை, ஒரே இடத்தில் பதிவு, ஒரே இடத்தில் பணம். பிரிந்தவர்களுக்குத்தான் இடிக்கிறது. குடும்பம் என்றால் ஒரே வீடு என்ற கணக்கில் கட்டப்பட்ட வடிவம் இது. அழைப்பு அனுப்புவது ஒருவர் கையில் இருக்கும், அவர் அனுப்பாமலே விட்டால் மற்றவர் கிளப்பிடம் வந்து நிற்பார், கிளப் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

நான்காவதுதான் என் தேர்வு: பிள்ளைக்கு ஒரே புரொஃபைல், அதன்கீழ் ஆளுக்கொரு லாகினோடு இரண்டு காப்பாளர்கள். நார்வேயின் ஸ்பாண்ட், அமெரிக்காவின் டீம்ஸ்னாப் இரண்டுமே இப்படித்தான் வேலை செய்கின்றன. இருவருக்கும் ஆட்ட அழைப்பு நேரடியாகப் போகும், யாரும் யாரிடமும் "மேட்ச் எத்தனை மணிக்கு" என்று கேட்க வேண்டியதில்லை. பிரிந்தவர்களுக்கு இந்த ஒரு கேள்வி குறைவதே பெரிய நிம்மதி. ஒருவருடைய அணுகலை மாற்றும்போது மற்றவருடையது அப்படியே இருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதற்காக இதில் சிக்கலே இல்லை என்று சொல்ல வரவில்லை. யார் கடைசியாக அழுத்தினாரோ அவருடைய பதில்தான் நிற்கும், ஆகவே சனிக்கிழமை இரவுக் கதை தொடரத்தான் செய்யும். அந்த வாரம் பிள்ளை யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பதில் சொல்லட்டும் என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி மெசேஜில் முடித்துக்கொள்வது நல்லது. இதற்கு ஆப்பில் பட்டன் தேடிப் பயனில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் முகவரி. பிள்ளையின் புரொஃபைலில் வீட்டு முகவரி, அவசரத் தொடர்பு எண் என்று கட்டங்கள் இருக்கும். வன்முறைக்குப் பயந்து வீடு மாறிய ஒரு தாய், படிவம் கேட்கிறதே என்று புது முகவரியை அங்கே நிரப்பினால், அதே புரொஃபைலை மற்றக் காப்பாளரும் திறக்கலாம். தொடர்பு விவரத்தை மற்ற உறுப்பினர்களிடமிருந்து மறைக்கும் வசதி பல ஆப்களில் இருக்கிறது, ஆனால் அந்த 'மற்றவர்கள்' பட்டியலில் அதே பிள்ளையின் இன்னொரு காப்பாளர் சேர்த்தியா என்பதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். சந்தேகம் இருந்தால் முகவரிக் கட்டத்தைக் காலியாக விடச் சொல்லிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்குக் கோச்சுக்கு எதற்கு வீட்டு முகவரி?

"அவரை ஆப்பிலிருந்து தூக்கிவிடுங்கள்" என்று ஒருவர் வந்து கேட்பதும் நடக்கும். சட்டம் இதில் தெளிவு. 1989-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி இங்கிலாந்தில் தாய்க்குப் பெற்றோர் பொறுப்பு, அதாவது பிள்ளை விஷயத்தில் முடிவெடுக்கும் சட்ட உரிமையும் கடமையும், தானாகவே உண்டு. தந்தைக்கு, தாயை மணந்திருந்தாலோ, 2003 டிசம்பர் 1 முதல் பதிவான பிறப்பில் அவர் பெயரும் சேர்ந்திருந்தாலோ உண்டு. விவாகரத்தால் அது போய்விடாது. எனவே ஒருவர் சொன்னார் என்பதற்காக மட்டும் மேனேஜர் மற்றவரை நீக்கினால் அது பக்கம் சாய்வது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலோடு, பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கிளப்பின் வெல்ஃபேர் ஆபீசரிடம் போகட்டும், சிறுவர் அணி வைத்திருக்கும் கிளப்பில் அந்தப் பொறுப்பில் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது இங்கிலாந்து ஃபுட்பாலை நடத்தும் ஃபுட்பால் அசோசியேஷனின் விதி. பயம் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் காத்திருக்கக் கூடாது. விவரங்களை உடனே மறைத்துவிட்டு அதே நாளில் வெல்ஃபேர் ஆபீசரிடம் சொல்லிவிட வேண்டும்.

கிளப் ஆப்பை மட்டும் நம்பாமல், ஆட்ட நேரங்களைக் காட்டும் அதன் காலண்டர் லிங்கை எடுத்துத் தங்கள் போனிலோ, பிரிந்த பெற்றோர் பிள்ளை விஷயங்களைப் பேசிக்கொள்ளும் இணைப்பெற்றோர் ஆப்பிலோ போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. 2001-இல் மினசோட்டாவில் தொடங்கிய அவர்ஃபேமிலிவிஸார்ட் இந்த வகையில் பழைய கை, அனுப்பிய மெசேஜை அழிக்க முடியாது என்பதால் நீதிமன்றங்களே அதைப் பயன்படுத்தச் சொல்வதுண்டு. மேட்ச் நேரம் தெரிந்தால் போதும் என்கிற பெற்றோருக்குக் காலண்டர் லிங்க் தாராளமாகப் போதும், பார்க்க மட்டும்தான் முடியும், எதையும் கெடுக்க முடியாது. ஆனால் லிங்க் கிடைத்த எவரும் திறக்கலாம் என்பதையும், மழையால் கடைசி நிமிடத்தில் ரத்தான ஆட்டம் அதில் தாமதமாகத்தான் மாறும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

பணத்தில் எந்த ஆப்பும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சந்தாவைப் பாதிப் பாதியாகப் பிரித்துக் கேட்கச் சொன்னால், கிளப் இரண்டு கோரிக்கை உருவாக்கி யார் கட்டினார், யார் பாக்கி என்று துரத்த வேண்டும். ஒருவர் முழுவதும் கட்டி, பாதியை மற்றவரிடம் வாங்கிக்கொள்வது அவர்கள் பாடு என்று விட்டுவிடுவதே மேல். பாக்கிக்காகப் பிள்ளையை ஆடவிடாமல் நிறுத்துவதாக இருந்தால் அந்த எச்சரிக்கை மட்டும் இருவருக்கும் போகட்டும்.

புது ஆப் வாங்கப்போகும் கிளப்புக்கு: விற்பவரின் டெமோவை ரசித்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஒரு கற்பனைப் பிள்ளையை உருவாக்கி இரண்டு ஈமெயிலில் இரண்டு காப்பாளரைச் சேருங்கள், ஒருவருடைய லாகினில் முகவரியும் மருத்துவக் குறிப்பும் எழுதுங்கள், மற்றவருடைய லாகினில் நுழைந்து என்னென்ன தெரிகிறது, எதை மாற்ற முடிகிறது, முதல் ஆளையே நீக்க முடிகிறதா என்று பாருங்கள். நீக்க முடிந்தால் வேறு ஆப் தேடுங்கள்.