பழைய காருக்கு சோனி ஏஎக்ஸ்5500 ரேடியோ: வாங்கலாமா, எப்படிப் பொருத்துவது?

சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான சிஓஇ உரிமத்தைப் புதுப்பித்து இன்னும் ஐந்தோ பத்தோ ஆண்டு ஓட்டப்போகும் காரில், உள்ளே ஏறியதும் பழசாகக் கண்ணில் படுவது ரேடியோதான். ஒரு சிடி வாய், ஒரு ஆக்ஸ் துளை, வெயிலில் எழுத்தே தெரியாத திரை. அந்த இடத்துக்கு சோனி எக்ஸ்ஏவி-ஏஎக்ஸ்5500 நல்ல தேர்வு. 6.95 அங்குலத் திரை கைப்பேசி போலவே லேசான தொடுதலுக்கு நகர்கிறது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திரைக்குக் கீழே நிஜமான பட்டன்கள் இருக்கின்றன. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். கைப்பேசியின் வரைபடத்தையும் பாட்டையும் திரைக்குக் கொண்டுவரும் ஆப்பிள் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் உண்டு, ஆனால் கேபிள் வழியாக மட்டும். கேபிளே வேண்டாம் என்பவர்கள் ஏஎக்ஸ்6000 பக்கம் போவது மேல்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 55 வாட் x 4 உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட்டை ஒட்டித்தான். இந்த வகை ரேடியோ எதை எடுத்தாலும் இதே கதை. காரோடு வந்த ஸ்பீக்கருக்கு அது தாராளம். பின்னால் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அடித்தொனிக்கான சப்வூஃபர் சேர்க்க நினைத்தால், ஆம்புக்கு ஒலியை அனுப்பும் 5 வோல்ட் ப்ரீஅவுட் மூன்று ஜோடி இருக்கிறது. இந்த விலைக்கு அதுதான் இதன் பெரிய பலம்.

இங்கே பலரும் ஏமாறுவது ஆன்டெனாவில். ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக, அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல், வந்த பழைய கார்களில் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 அதற்கு வெளியே இருக்கிறது. அதனால் ஆன்டெனா கேபிளின் நடுவில் கட்டைவிரல் அளவு பேண்ட் எக்ஸ்பேண்டர் ஒன்றைச் செருகியிருப்பார்கள். அது அலைவரிசையை 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகையாக இருந்தால் ஒலி 76.8இல் கேட்கும். புதிய ரேடியோவுக்கு அது தேவையே இல்லை. கழற்ற மறந்தால் எல்லா நிலையங்களும் தப்பான எண்ணில் வரும், சில வரவே வராது, இரைச்சலும் கூடும். ரேடியோவை வெளியே இழுத்ததும் முதலில் தேட வேண்டியது இந்தப் பெட்டியைத்தான்.

அடுத்தது ஆன்டெனாவுக்குப் போகும் மின்சாரம். கூரையில் சுறாத் துடுப்பு போல் இருக்கும் ஆன்டெனாவுக்குள் பெரும்பாலும் சின்ன ஆம்ப் ஒன்று இருக்கும். ரேடியோவின் நீல வயரிலிருந்து அதற்கு 12 வோல்ட் போகாவிட்டால், பழைய ரேடியோவில் தெளிவாகக் கேட்ட நிலையம்கூடப் புதியதில் கரகரக்கும். பழி சோனி மேல் விழும். இன்னொன்று, அமெரிக்கச் சந்தைக்கான ரேடியோவை இணையத்தில் மலிவாகப் பிடித்தால், அது 0.2 படியில் 96.7, 96.9 என்று தாவும், 96.8இல் நிற்காது. உள்ளூர் செட்டையே வாங்குங்கள்.

பொருத்தும்போது காரின் சொந்த வயரை வெட்டவே கூடாது. காருக்கேற்ற ஹார்னஸ் (இணைப்பு வயர்க்கட்டு) ஒரு பக்கம் காரின் சாக்கெட்டில் உட்காரும், மறுபக்கம் சோனியின் வயர்களோடு நிறத்துக்கு நிறம் சேரும்: மஞ்சள் நிரந்தர 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால் காரை அணைத்ததும் எல்லா அமைப்பும் அழிந்துபோகும். முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். வெட்டவெளிக் கார்ப்பார்க் சூட்டில் அந்தப் பசை உருகிச் சில மாதத்தில் பிசுபிசுவென்று கழன்றுவிடும். கிரிம்ப் (உலோகக் குழாயில் நெரித்து இணைப்பது) அல்லது சால்டர், அதன்மேல் சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் உறை போடச் சொல்லுங்கள். கடைசியில் துணி டேப் சுற்றினால் டேஷ்போர்டுக்குள் கடகடப்பும் இருக்காது.

டொயோட்டாவில் துளை 200 மில்லிமீட்டர் அகலம், ரேடியோ 178. பக்கத்துக்கு 11 மில்லிமீட்டர் நிரப்பும் பட்டை கேட்டு வாங்குங்கள்.

ரிவர்ஸ் கேமராவில் கவனம் தேவை. டொயோட்டாவின் சொந்த கேமராக்களில் பல 6 வோல்ட்டில் ஓடுபவை. ரிவர்ஸ் விளக்கிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் கேமரா கருகிவிடும், மாற்றுவது ரேடியோ விலைக்கு நெருங்கலாம். நடுவில் 6 வோல்ட்டாக இறக்கும் சின்ன கன்வெர்ட்டர் போட வேண்டும். கடைக்காரரிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள். கேள்வி புரியாவிட்டால் அவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

இளம்பச்சை வயரைக் கைபிரேக்கோடுதான் இணைக்க வேண்டும். ஓடும்போதும் வீடியோ தெரியச் செய்கிறேன் என்று அதை எர்த்தில் கட்டிவிடுவது ஆபத்து. சாலைக் கட்டணம் பிடிக்கும் ஈஆர்பி ஓபியு பெட்டியின் வயர் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது, அங்கிருந்து மின்சாரம் எடுக்கவும் கூடாது.

ஒலி அமைப்பில் முதலில் எக்ஸ்ட்ரா பாஸை அணையுங்கள். காரோடு வந்த காகிதக் கூம்பு அதைத் தாங்காது, பறை கிழிந்ததுபோல் அதிரும். சப்வூஃபர் இருந்தால் கதவு ஸ்பீக்கருக்குப் போகும் அடித்தொனியை வெட்டும் ஹைபாஸை 80 ஹெர்ட்ஸில் வைத்துப் பாருங்கள். பாடகர் குரல் உடனே முன்னால் வந்து நிற்கும்.

கார்ப் பட்டறைகள் நிறைந்த காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, எங்கே செய்தாலும் பணம் கொடுக்கும் முன் இன்ஜினை ஓடவிட்டு ஒலி 96.8ஐக் கேளுங்கள். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கூடவே ஏறும் விசில் சத்தம் கேட்டால் எர்த் சரியில்லை. பிறகு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள், விளக்கைப் போட்டால் திரை மங்குகிறதா என்று பாருங்கள், ஸ்டீயரிங் பட்டன் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். டேஷ்போர்டு பேனலை அதற்குப் பிறகு மூடச் சொல்லுங்கள்.