பென் லோமண்ட்: வானம் நிலையில்லாத நாளில் எந்தப் பாதை?

ஸ்காட்லாந்தில் லோமண்ட் ஏரியின் கிழக்குக் கரையில் நிற்கிறது பென் லோமண்ட். உயரம் 974 மீட்டர். ஏரியின் நீர்மட்டம் கடலுக்கு மேல் 8 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. அதனால் கரையிலிருந்து புறப்படுகிறவர் அந்த உயரத்தை ஏறத்தாழ முழுசாகவே ஏறியாக வேண்டும். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை ஹியூ மன்றோ 1891-இல் பட்டியலிட்டார். இன்றைக்கும் அந்த மலைகளுக்கு மன்றோ என்றுதான் பெயர். அவற்றில் தெற்கே கடைசியாக இருப்பது இது. கிளாஸ்கோவிலிருந்து காலையில் கிளம்பினால் ஏறி இறங்கிவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்பதால், முதல் மன்றோவாக இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிறையப் பேர்.

சாலை முடியும் ரோவர்டென்னனிலிருந்து உச்சிக்கு இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று சுற்றுலாப் பாதை. காட்டுக்குள் நுழைந்து, தெற்கு முதுகின் மேல் நேராக வடக்கே ஏறும். இன்னொன்று ஏரிக்கரையோடு கொஞ்ச தூரம் வடக்கே போய், 731 மீட்டர் உயரமுள்ள டார்மிகன் என்ற துணைச் சிகரத்தில் ஏறி, ஒரு கணவாயில் இறங்கி, அங்கிருந்து பாறைச் சரிவில் உச்சிக்குப் போவது. இரண்டையும் சேர்த்து வட்டமாகவும் நடக்கலாம். எப்படிப் போனாலும் போகவர ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான்.

தெம்பு இருந்தால் டார்மிகன், இல்லாவிட்டால் சுற்றுலாப் பாதை என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று வந்து முதலில் மோதும் மலைகளில் இதுவும் ஒன்று. காலையில் வெயில், பத்து மணிக்குச் சாரல், நண்பகலில் உச்சி கண்ணுக்கே தெரியாமல் மேகம் என்பது இங்கே சாதாரணம். அப்படிப்பட்ட இடத்தில் கால் தெம்புக்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: பாதி வழியில் வானிலை கெட்டால், எந்த இடத்திலிருந்து, எவ்வளவு சுலபமாகத் திரும்ப முடியும்? இரண்டு பாதைகளுக்கும் இதில்தான் பெரிய வித்தியாசம்.

காலடியில் என்ன இருக்கிறது

சுற்றுலாப் பாதை அகலமானது. மலையைப் பராமரிக்கும் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பல இடங்களில் கல் பாவிச் சீரமைத்திருக்கிறது. காட்டைத் தாண்டியதும் புல்வெளி முதுகில் நீளமான, மிதமான ஏற்றம். கடைசியில் உச்சிக் கூம்பு மட்டும் செங்குத்தாக நிற்கும், அதிலும் பாதை வளைந்து வளைந்துதான் ஏறுகிறது. கைகளை ஊன்ற வேண்டிய இடம் எதுவும் இல்லை. அலுப்பூட்டும் பாதை என்று சிலர் சொல்வது உண்மைதான். ஆனால் மூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியாத நேரத்தில், காலுக்குக் கீழே சந்தேகமில்லாமல் ஒரு பாதை இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அதில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

டார்மிகன் பாதை ஒற்றையடிப் பாதை. கீழ்ச்சரிவில் கோடையில் பெரணிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்திருக்கும். அவற்றில் உண்ணி இருக்கும் என்பதால் முழுக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இறங்கியதும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். மேலே போகப் போக மேடும் பள்ளமும், இடையில் சின்னச் சின்னக் குட்டைகளும் சேறும். டார்மிகன் உச்சியைத் தாண்டிக் கணவாயில் இறங்கிய பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அங்கிருந்து உச்சிவரை செங்குத்தான, படிப்படியான பாறைச் சரிவு. சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். காய்ந்திருந்தால் இந்த மலையிலேயே மிக மகிழ்ச்சியான பகுதி இதுதான் என்பேன். ஆனால் இங்குள்ள பாறை சிஸ்ட் வகை. நனைந்தால் வழுக்கும், அதிலும் பலரின் காலணி பட்டுத் தேய்ந்த இடங்கள் இன்னும் மோசம்.

நேரக் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி பார்த்தால் நிற்காமல் நடந்து 4 மணி நேரம். சாப்பாடு, மழைக்கோட்டைப் போட்டுக் கழற்றுவது, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்த்தால் சுற்றுலாப் பாதைக்கு 5 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். டார்மிகன் வழி வட்டத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் சேர்ப்பது நல்லது.

திரும்புவது எங்கே

சுற்றுலாப் பாதையில் எந்த இடத்திலும் திரும்பலாம். திரும்பினால் போகும் வழி ஏற்கெனவே வந்த வழிதான், ஒவ்வோர் அடியும் தெரிந்தது, கீழே போகப் போகச் சுலபமாகிக்கொண்டே வரும். உச்சிக் கூம்பின் அடிவாரத்தில் நின்று, மேலே மேகத்தின் நிறத்தைப் பார்த்து, "சரி, இன்றைக்கு இவ்வளவுதான்" என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

டார்மிகன் வழியில் அந்தச் சுதந்திரம் துணைச் சிகரத்தோடு முடிந்துவிடுகிறது. கணவாயைத் தாண்டிப் பாறையில் பாதி ஏறிவிட்ட பிறகு மழை பிடித்துக்கொண்டால், நனைந்த பாறையில் இறங்குவதை விட மேலே போய் அந்தப் பக்கம் இறங்குவதே பாதுகாப்பு என்று தோன்றும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதன் பொருள், வானிலை மோசமாகும் நேரத்தில் நாம் உச்சியை நோக்கி, அதாவது காற்றும் குளிரும் அதிகமான இடத்தை நோக்கிப் போகிறோம் என்பது. எனவே முடிவை டார்மிகன் உச்சியிலேயே எடுத்துவிட வேண்டும். அங்கே ஐந்து நிமிடம் நின்று மேற்கே பாருங்கள். ஏரிக்கு அப்பால் ஆரோக்கர் மலைகள் தெளிவாகத் தெரிந்தால் தொடரலாம். அவற்றின் தலைகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தால், அதே மேகம் அடுத்து வரப்போவது நம் தலைக்குத்தான்.

இதில் டார்மிகனுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. இந்தப் பகுதிக்கு வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வரும். டார்மிகன் முகட்டில் நடப்பவருக்கு அந்தத் திசை முழுவதும் திறந்து கிடக்கிறது. ஏரியின் மேல் மழைத்திரை நகர்ந்து வருவதைக் கண்ணால் பார்த்து, அது வந்து சேருமுன் கோட்டைப் போட்டுக்கொள்ளலாம். சுற்றுலாப் பாதையில் ஏறுபவருக்கு மேற்குப் பக்கத்தின் ஒரு பகுதியை இதே டார்மிகன் முகடு மறைத்துவிடும். அங்கே மழை சொல்லாமல் வந்து நிற்கும்.

கெட்ட நாள் இரண்டு வகை

"மழை வரும்" என்ற முன்னறிவிப்பை மட்டும் வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுக்க முடியாது. எப்படிப்பட்ட மழை என்று பார்க்க வேண்டும்.

முதல் வகை, ஒரு வெப்ப முகப்பு, அதாவது குளிர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டு வெப்பக் காற்று வரும் எல்லை, நெருங்கி வரும் நாள். காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசும். முதலில் மெல்லிய உயர் மேகம், அப்புறம் சூரியன் மங்கல், அப்புறம் மேகத்தின் அடிமட்டம் படிப்படியாக இறங்கும். ஒருமுறை உச்சி மூடிக்கொண்டால் அன்றைக்குத் திறக்கும் என்று நம்ப முடியாது. தூறல் நின்றும் நிற்காமலும் பல மணி நேரம் தொடரும். இந்த நாளில் டார்மிகன் பக்கம் போகவே வேண்டாம். அதன் சிறப்பே காட்சியும் காய்ந்த பாறையும்தான், இரண்டும் அன்றைக்குக் கிடைக்காது. போவதானால் சுற்றுலாப் பாதை, அதுவும் சீக்கிரமாகக் கிளம்பி.

இரண்டாவது வகை, முகப்பு கடந்துபோன மறுநாள். காற்று மேற்குக்கோ வடமேற்குக்கோ திரும்பியிருக்கும். திடீரென்று கறுத்துக்கொண்டு வரும், ஆலங்கட்டி கூட விழும், கால் மணி நேரத்தில் வெளுத்துவிடும். ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் காற்று கழுவி விட்டதுபோல் தெளிவாக இருக்கும். தொலைவு மலைகளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். "நிலையில்லாத வானிலை" என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் இந்த இரண்டாவது நாள் மலையேறிக்குக் கிடைக்கும் வரம். காற்று மிதமாக இருந்து, ஈரப்பாறையில் நடந்து பழக்கமும் இருந்தால், டார்மிகனை அன்றைக்கு நான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். மழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துப் பாறைப் பகுதியை முடித்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள ஊர் வானிலை அறிவிப்பு போதாது. மலை வானிலைத் தகவல் சேவை என்றே தனியாக ஒன்று இருக்கிறது. மேலே காற்றின் வேகம் என்ன, மன்றோ உச்சிகள் மேகமில்லாமல் இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்றெல்லாம் சொல்வார்கள். முதல் நாள் மாலையில் அதைப் படிக்காமல் பாதையை முடிவு செய்யாதீர்கள்.

குளிரையும் காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6 அல்லது 7 டிகிரி குறையும். கரையில் 15 டிகிரி என்றால் உச்சியில் 8 அல்லது 9 டிகிரிதான், காற்று அடித்தால் உடம்புக்கு அதைவிடக் கம்மியாகத்தான் தெரியும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். பலத்த காற்று என்று அறிவிப்பில் இருந்தால் இரண்டு பாதைகளுக்கும் இடையிலான போட்டியே அர்த்தமில்லாமல் போகிறது. இரண்டும் போய்ச் சேருவது அதே உச்சி வரப்புக்குத்தான், அதன் வடக்குப் பக்கம் செங்குத்தாக இறங்கும் பள்ளம். குளிர்காலத்தில் அந்த ஓரத்தில் காற்று பனியைக் கூரைபோல் நீட்டிவைக்கும், அதன் மேல் கால் வைத்தால் அடியில் ஒன்றும் இருக்காது. பனிக்கோடரியும் கிராம்பானும் (காலணியில் மாட்டும் இரும்புமுள் சட்டம்) இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தவும் தெரியாமல், அந்தப் பருவத்தில் எந்தப் பாதையிலும் உச்சிக்குப் போகக் கூடாது.

வட்டமாக நடப்பதென்றால்

டார்மிகனில் ஏறி சுற்றுலாப் பாதையில் இறங்குவதா, தலைகீழாகவா? நான் முதலாவதைத்தான் சொல்வேன். கடினமான பாறையை ஏறும்போது சந்திப்பது இறங்கும்போது சந்திப்பதைவிட எப்போதும் பாதுகாப்பு. கால் களைத்த பின் மிச்சமிருப்பது அகலமான பாதை. மூட்டத்திலும் இதுவே நல்லது: உச்சியிலிருந்து டார்மிகன் பக்கம் இறங்கும் இடத்தைத் தேடுவது கடினம், சுற்றுலாப் பாதையோ தென்கிழக்கே வரப்போடு போய்த் தெற்கே தெளிவாக இறங்குகிறது. என்றாலும், உச்சியில் நாலாபுறமும் ஒரே வெள்ளையாக இருக்கும்போது எந்தப் பக்கம் வந்தோம் என்பதே குழம்பும். திசைகாட்டியை அப்போது எடுத்துப் பயனில்லை, உச்சியை அடைந்தவுடனேயே எடுத்து, இறங்கும் திசையை உறுதி செய்துகொள்ளுங்கள். கைபேசியின் பேட்டரி குளிரில் சீக்கிரம் தீரும், ஆகவே 1:25,000 அளவுள்ள காகித வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும்.

தலைகீழாக நடப்பவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு, அதை மறுக்க மாட்டேன். டார்மிகன் வழியாக இறங்கும்போது ஏரி முழு நேரமும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், தீவுகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியும். ஏறும்போது அது முதுகுப் பக்கம், திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும். பாறை காய்ந்து, மாலைவரை வானம் தெளிவு என்று உறுதியாகத் தெரிந்த நாளில் அந்தத் திசையும் அருமை. அப்படிப்பட்ட நாள்கள் இங்கே குறைவு.

உச்சியில் எந்தப் பாதையில் வந்தாலும் கிடைப்பது ஒன்றுதான், மழையையும் சேர்த்து. மேற்கே விழும் துளி லோமண்ட் ஏரிக்கும் லெவன் ஆற்றுக்கும் போய் கிளைட் வழியாக மேற்குக் கடலை அடைகிறது. கிழக்கே விழுவது ஃபோர்த் ஆற்றோடு சேர்ந்து வட கடலுக்குப் போகிறது.

எப்படி வருகிறீர்கள் என்பதும்

பேருந்து ஏரிக்கரையில் தெற்கே இருக்கும் பால்மஹா கிராமத்தோடு நின்றுவிடும், ரோவர்டென்னனுக்கு வராது. காரில் வருபவர்கள் நல்ல நாளில் சீக்கிரம் வந்தால்தான் நிறுத்த இடம் கிடைக்கும். கோடையில் மேற்குக் கரையின் டார்பெட்டிலிருந்து படகு உண்டு, ஆனால் படகில் வருபவர் கடைசிப் படகைப் பிடித்தாக வேண்டும். கடிகாரம் துரத்தும்போது டார்மிகன் பாறையில் அவசரப்படுவது ஆபத்து, படகில் வந்தால் சுற்றுலாப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலையில் காற்று நின்றுவிட்டால் கரையில் மிட்ஜ் பூச்சிகள் மொய்க்கும், படகுக்காகக் காத்திருப்பவர்கள் தலைக்கு வலை வைத்திருப்பது நல்லது. ஏதாவது நேர்ந்தால் அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்து, முதலில் காவல்துறையைக் கேட்டு, அப்புறம் மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். சிக்னல் இல்லாவிட்டால் நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதுவது, பின் ஒரு நிமிடம் நிறுத்துவது, மீண்டும் ஊதுவது.

இரண்டும் சரிப்படாத நாளுக்கு மூன்றாவதாக ஒன்று: பால்மஹாவுக்கு மேலே இருக்கும் கோனிக் குன்று. 350 மீட்டருக்குச் சற்று மேல்தான் உயரம், மன்றோ உச்சிகள் மேகத்தில் இருக்கும்போதும் இது பெரும்பாலும் வெளியே இருக்கும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தையும் தாழ்நிலத்தையும் பிரிக்கும் நிலப்பிளவு இதன் வழியாகத்தான் போகிறது. குன்றின் மேலிருந்து பார்த்தால், அதே கோட்டில் ஏரிக்குள் வரிசையாக நிற்கும் தீவுகளில் அந்தப் பிளவு தொடர்வது கண்ணுக்குத் தெரியும். காற்று அதுக்கும் விடாவிட்டால், ரோவர்டென்னனிலிருந்து வடக்கே கரையோரமாகக் கருவாலிக் காட்டுக்குள் போகும் பாதையில் மழைக்கோட்டோடு இரண்டு மணி நேரம் நடக்கலாம்.