ரோமில் முதல் நாள்: குரூப்போடு இறங்குவதா, ஒரு நாள் முன்பே போவதா?

இத்தாலி லக்ஸரி குரூப் டூருக்குப் பணம் கட்டியபோது டூர் கம்பெனி இரண்டு வழி சொன்னது. சென்னையிலிருந்தே எல்லோரோடும் ஒரே விமானத்தில் போகலாம். இல்லையென்றால் ஒரு நாள் முன்பே தனியாகப் போய், குரூப் தங்கப்போகும் அதே ஓட்டலில் இருந்துகொண்டு மறுநாள் சேர்ந்துகொள்ளலாம். நானும் மனைவியும் இரண்டாவதை எடுத்தோம். யார் கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

குரூப்போடு போவதன் வசதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். டூர் மேனேஜர் மீனம்பாக்கத்திலேயே வந்து நிற்பார், இமிக்ரேஷனில் கூடவே இருப்பார், வெளியே பஸ் காத்திருக்கும். முதல்முறை வெளிநாடு போகும் வயதானவர்களுக்கு அந்தத் துணை பெரிது. அவர்கள் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன்.

மற்றவர்களுக்கு முடிவு செய்ய ஒரே கேள்வி போதும்: அறை எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும்?

ரோமில் ஐந்து நட்சத்திர ஓட்டலானாலும் செக்-இன் பெரும்பாலும் மதியம் 2 அல்லது 3 மணிக்குத்தான். மாலையில் சென்னையில் ஏறி, நள்ளிரவில் வளைகுடாவில் விமானம் மாறிப் போனால், காலை ஏழு மணிவாக்கில் ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் இறக்கிவிடுவார்கள். பெட்டிகளை எடுத்துக்கொண்டு, சுமார் 30 கிலோமீட்டர் தாண்டி ஊருக்குள் வரும்போது ஒன்பது, ஒன்பதரை ஆகும். தூங்காத கண்ணோடு அங்கிருந்து இன்னும் ஐந்தாறு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

இவ்வளவு பணம் வாங்குகிறார்களே, கொஞ்சம் முன்னாடி தரமாட்டார்களா என்று தோன்றும். ஒரு தம்பதி மட்டும் வந்து நின்றால், காலி அறை இருக்கும் பட்சத்தில் தந்துவிடுவார்கள். பதினைந்து, இருபது அறைகளை ஒரே நேரத்தில் கேட்டால் எங்கே போவார்கள்? முந்தைய நாள் தங்கியவர்கள் 11, 12 மணிக்குத்தான் காலி செய்கிறார்கள், அதற்குப் பிறகு சுத்தம் செய்ய வேண்டும். ஆக, குரூப்பாக வருவதாலேயே அறை தாமதமாகிறது. எத்தனை நட்சத்திரம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த இடைவெளியை நிரப்பத்தான் முதல் நாள் நிரலில் 'சிட்டி டூர்' வருகிறது. ரோமில் இது கூடுதல் கஷ்டம். பழைய நகரத்தின் நடுப்பகுதிக்குள் டூரிஸ்ட் பஸ்களுக்கு 2019 முதல் தடை. டிரெவி நீரூற்றானாலும் பாந்தியன் என்ற பழங்காலக் கோயிலானாலும் தள்ளி இறங்கி, கல் பாவிய தெருக்களில் நடந்துதான் போக வேண்டும். கால் ஓய்ந்தால் ஸ்பானிஷ் படிக்கட்டில் உட்காரலாமே என்றால், அதற்கும் அபராதம் போடுகிறார்கள். அன்று ராத்திரி வரவேற்பு விருந்தில் எங்கள் குரூப்பைப் பார்த்தேன். நல்ல சாப்பாடு, நல்ல இடம். பாதிப் பேர் இரண்டாவது தட்டு வருவதற்குள் எழுந்து அறைக்குப் போய்விட்டார்கள். பயணத்தின் விலை உயர்ந்த ஒரு நாள் அவர்களுக்கு அப்படிக் கழிந்தது. எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நாங்கள் முந்தைய நாளே வந்து, குளித்து, ராத்திரி முழுக்கத் தூங்கியிருந்தோம். காலையில் இருவரும் நிதானமாகப் பாந்தியன் பார்த்தோம். தெருமுனைக் குழாய்களில் குளிர்ந்த நல்ல தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, பாட்டிலில் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

செலவு இல்லாமல் இல்லை. ஒரு ராத்திரி அறை வாடகை, அதோடு ஐந்து நட்சத்திரமென்றால் ஆளுக்கு 10 யூரோ நகர வரி. குரூப் டிக்கெட்டை மாற்றினால் 'டீவியேஷன்', அதாவது குரூப்பிலிருந்து விலகிப் போவதற்கான கட்டணம் கேட்பார்கள். விமான நிலையத்திலிருந்து குரூப் பஸ் கிடையாது; நகராட்சி நிர்ணயித்த கட்டணத்தில் ஓடும் டாக்ஸி உண்டு, அதனால் பேரம் பேசும் தொல்லை இல்லை. இதைவிட முக்கியம் ஷெங்கன் விசா, அதாவது இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா. கூடுதல் நாளுக்கான ஓட்டல் பதிவும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் அந்தத் தேதியிலிருந்தே தொடங்க வேண்டும். கம்பெனி டூர் தேதிக்கு மட்டும்தான் காகிதம் தயார் செய்யும், ஆகவே விண்ணப்பத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது, நாங்கள் இருவர் மட்டும்தான் போனோம். ஆனால் ஒன்று உறுதி. அதிகாலையில் சென்னையில் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு ரோமில் இறங்கும் விமானமென்றால், ஊருக்குள் வரும்போதே அறை தயாராக இருக்கும், முன்பே போகத் தேவையில்லை. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் இறங்கும் நேரத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'பிறகு தெரிவிக்கிறோம்' என்றால், காலை விமானம் என்றே வைத்துக்கொண்டு அந்த ஒரு ராத்திரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.