விகாஸ்புரியில் அகதிக் குடும்பங்களுக்கு வீடு பிடித்துத் தரும் சேவை: வீடு கொடுத்தவளின் மதிப்பீடு

மேற்கு டெல்லியில் ஜனக்புரி, விகாஸ்புரி பக்கம் வீடு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள்: "மாடியை பர்மாக் குடும்பத்துக்கு விட்டீர்களே, நடுவில் நின்ற தொண்டு நிறுவனத்தை நம்பலாமா மாமி?" நம்பலாம். ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன்.

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழருக்கு இருக்கும் மறுவாழ்வு முகாம் மாதிரி, மியான்மரிலிருந்து (பர்மா) டெல்லிக்கு வரும் சின் இன மக்களுக்கு எதுவும் கிடையாது. வசந்த் விஹாரில் இருக்கும் ஐ.நா. அகதிகள் அலுவலகம் பதிவு செய்து ஒரு சான்று தரும். விசாரித்து ஏற்றுக்கொண்டால் அட்டை தரும். வீடு தராது. ஆதாரும் கிடைக்காது. ஆதார் இல்லை என்றால் இந்தப் பக்கத்து புரோக்கர் பேச்சையே அத்தோடு முடித்துக்கொள்வார். அதனால்தான் 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப் பிறகு வந்தவர்களில் சிலர் தொண்டு நிறுவனங்களின் சிறு விடுதிகளில் ஒதுங்கினார்கள். அப்படி ஒரு விடுதிதான் நிதி நின்றுபோய் மார்ச் 31-உடன் மூடப்பட்டது. அங்கிருந்த குடும்பங்களுக்குத்தான் இந்த நிறுவனம் வாடகை வீடு பிடித்துத் தந்தது.

வீடு பார்க்க நிறுவனத்திலிருந்து வந்த பெண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வாடகையைப் பேசுவதற்கு முன்னால் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, ராத்திரி வேலை முடிந்து பெண்கள் வரும்போது சந்தில் விளக்கு எரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தாழ்ப்பாள் ஆடுவதைப் பார்த்து, குடிவருவதற்குள் மாற்றித் தர முடியுமா என்றாள். மாற்றினேன். எத்தனையோ வாடகைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. போலீஸ் வெரிஃபிகேஷனுக்கும் அவளே கூட வந்தாள். வெளிநாட்டவரைத் தங்க வைப்பவர் 24 மணி நேரத்துக்குள் தர வேண்டிய விவரப் படிவத்தைப் பற்றியும் அவள்தான் எடுத்துச் சொன்னாள். முன்பணமும் முதல் இரண்டு மாத வாடகையும் நிறுவனமே கட்டியது.

அப்புறம் குறைகள். ஒப்பந்தத்தில் மின்கட்டணம் "சப்-மீட்டர்படி", அதாவது வாடகைப் பகுதிக்கென்று வீட்டுக்காரர் வைக்கும் தனி மீட்டர்படி, என்று மட்டும்தான் இருந்தது. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு என்று இல்லை. டெல்லியில் மானியத்துக்குப் பதிந்த வீட்டில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமே கிடையாது. அப்படியிருந்தும் இந்தத் தெருக்களில் வாடகைக்காரரிடம் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் என்று வாங்குகிறார்கள். இதைக் கேட்க அந்தக் குடும்பங்களுக்கு வாய் ஏது? நிறுவனம் அல்லவா கேட்டிருக்க வேண்டும்! அடுத்து, காலி செய்யும்போது முன்பணம் யாருக்குத் திரும்பும் என்று ஒரு வரிகூட இல்லை. என் ஒப்பந்தத்தில் "குடும்பத்துக்கே" என்று நான் எழுதச் சொல்லி எழுத வைத்தேன்.

எனக்கு ஆறவே ஆறாதது விடுதியை மூடிய நேரம்தான். பிள்ளைகளுக்கு ஆண்டுத் தேர்வு நடக்கும் மார்ச்சில் மூட்டை கட்டச் சொன்னார்கள். என் மாடிக்கு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடம் நடக்கும் தூரம். அதே விடுதியில் இருந்த இன்னொரு குடும்பத்தை வாடகை குறைவு என்று டெல்லியின் வடக்குக் கோடியில் இருக்கும் புராரிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கே போகவில்லை. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் புது இடத்தில் பள்ளியில் சேர்க்க யாராவது கூடப் போக வேண்டுமே. சாவி கை மாறியதும் நிறுவனத்தின் போன் எடுப்பது நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் சமையல் வாசனை என்று புகார் சொன்னார்கள். புளிக்க வைத்த மீன் விழுது அது. நாகப்பட்டினத்தில் கருவாடு வறுத்து வளர்ந்தவள் நான், எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டிக் கொடுத்தேன், சரியாகிவிட்டது. வாடகை 5ஆம் தேதி தவறாமல் வருகிறது.

எதிர் சந்தில் என் தோழியின் கீழ்த்தளம் அடுத்த மாதம் காலியாகிறது. புராரிக் குடும்பத்தை அங்கே கொண்டுவர முடியுமா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். மின்கட்டணத்துக்கும் முன்பணத்துக்கும் ஒவ்வொரு வரி சேர்த்தால் வீடு தரத் தயார் என்கிறாள் அவளும்.