ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: சேலம் நர்ஸ்களுக்கு ஒரு எச்சரிக்கை

நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போகலாமா என்று கோச்சிங் சென்டர் படியேறி இறங்கிக்கொண்டிருக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு மாடியில், ‘ஜெர்மன் ஏ1 முதல் பி2 வரை, வேலை உத்தரவாதம்’ என்ற பேனருக்குக் கீழே 85,000 ரூபாய் கட்டியவள் நான். ஏ1, ஏ2, பி1, பி2 என்பவை மொழி எவ்வளவு தெரியும் என்று காட்டும் படிகள், ஏ1 தான் தொடக்கம்.

அட்மிஷன் அன்று சொன்னது இதுதான். மூன்று மாதத்தில் பி1. அதற்குள் ஜெர்மன் ஆஸ்பத்திரியோடு வீடியோ இன்டர்வியூ. வருஷம் முடிவதற்குள் விமானம். கூட வந்த அம்மாதான் கேட்டார்: “ஏனுங்க தம்பி, மூணு மாசத்துல ஒரு பாஷை வந்துருமுங்களா?” அதற்கு அந்த மேனேஜர், “அம்மா, இங்கிலீஷும் ஜெர்மனும் அண்ணன் தம்பி மாதிரிங்க. உங்க பொண்ணு இங்கிலீஷ்லயே நர்சிங் படிச்சவங்க, ஊதித் தள்ளிடுவாங்க” என்றார்.

அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. பி1 தொட ஏறக்குறைய 350 முதல் 650 பாடவேளை வேண்டும் என்பது ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட்டின் கணக்கு. ஒரு பாடவேளை 45 நிமிடம். பி2 என்றால் 600 முதல் 800. எங்கள் வகுப்போ தினம் இரண்டு மணி நேரம், ஞாயிறு லீவு. மூன்று மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், சுமார் 200 பாடவேளைதான் வரும். ஒரு நாள் விடாமல் நடந்திருந்தாலும் ஏ2 வாசலில்தான் நின்றிருப்போம்.

அந்த வகுப்பாவது ஒழுங்காக நடந்ததா? பாடப்புத்தகம் என்று கொடுத்தது ஜெராக்ஸ், அதுவும் கறுப்பு வெள்ளையில். நிறங்கள் பற்றிய பாடத்தில் ‘இந்தச் சட்டை என்ன நிறம்?’ என்று ஒரு பயிற்சி. வரிசையாக ஆறு சட்டை, ஆறும் சாம்பல். லிசனிங் பயிற்சிக்கு டீச்சர் தன் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போடுவார். ஜன்னலுக்குக் கீழே டவுன் பஸ் ஹாரன். பெர்லினில் ரயில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்பது கடைசி வரை எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அந்த டீச்சரும் முந்தைய பேட்ச்சில் ஏ2 முடித்த பெண்தான் என்று பிறகு தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

முடிவில் சென்டரே ஒரு பரீட்சை வைத்து ‘பி1 சர்ட்டிபிகேட்’ கொடுத்தது. தங்க நிற ஸ்டிக்கர், ஓரத்தில் ஐரோப்பிய ஒன்றியக் கொடியின் நட்சத்திரங்கள், கீழே டைரக்டர் கையெழுத்து. நைட் ட்யூட்டியில் எங்கள் வார்டு மலையாளி சேச்சியிடம் காட்டினேன். அவர் தங்கை, வெளிநாடு வாழ் கேரளர்களுக்கான கேரள அரசின் அமைப்பான நோர்கா வழியாகப் போய் இப்போது ஜெர்மனியில் வேலையில் இருக்கிறாள். சேச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மோளே, இதில நாலு மார்க் எங்க?” என்றார்.

உண்மையான கோதே பி1 தேர்வு நான்கு பகுதி: வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், தேற 60 வேண்டும். ஒன்றில் விட்டால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். சென்னையில் நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ் முல்லர் பவன் என்று சொல்வார்களே, அதுதான் கோதே இன்ஸ்டிட்யூட். கோதே, டெல்க், ஓஎஸ்டி மாதிரி அங்கீகாரம் உள்ள தேர்வு அமைப்பின் சான்றிதழ்தான் செல்லும். கோச்சிங் சென்டர் தானே அடித்துக் கொடுக்கும் தாளை ஃப்ரேம் போட்டு மாட்டலாம், விசாவுக்கு நீட்ட முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “ஜெர்மன் கஷ்டமா இருந்தா ஜப்பான் பேட்ச்சுக்கு மாத்திக்கோங்க மேடம், என்4 போதும், ஃபீஸ் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்கிறார் அதே மேனேஜர். என்4 என்பது ஜப்பானிய மொழித் தேர்வில் ஒரு தொடக்கப் படி. அவர் சொல்லாமல் விட்டது: என்4 வைத்து ஜப்பானின் ‘குறிப்பிட்ட திறன்’ விசாவில் போவது முதியோர் பராமரிப்பு வேலைக்கு. அந்த விசாவில் பொதுவாக ஐந்து வருடம்தான். ஜப்பானில் நர்ஸாகவே வேலை பார்க்க அந்நாட்டுத் தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியில் எழுதித் தேற வேண்டும். நான்கு வருடம் பி.எஸ்சி நர்சிங் படித்தவளிடம் இதை ஒரு வார்த்தை சொல்லாமல் பேட்ச் மாற்றச் சொல்கிறார்.

வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். அன்று மாலையே ‘அட்மின் மட்டும் மெசேஜ் அனுப்பலாம்’ என்று மாற்றிவிட்டார்கள். ‘விசா ஃபைலுக்கு’ என்று வாங்கி வைத்திருந்த மார்க் ஷீட்டையும் நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழையும் தர இழுத்தடித்தார்கள். அண்ணன் கூட வந்து, போலீஸில் மனு கொடுக்கப் போகிறோம் என்று சொன்ன பிறகுதான் ஒரிஜினல் கைக்கு வந்தது. மொழி வகுப்புக்கு ஒரிஜினல் எதற்கு? யார் கேட்டாலும் ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள்.

அப்படியானால் ஜெர்மன் படிப்பதே வீணா என்றால், இல்லை. நர்ஸுக்கு நிச்சயம் பலன் உண்டு. ஆனால் முழு நர்ஸாக அங்கீகாரம் பெற பெரும்பாலும் பி2 வேண்டும். அது வரும்வரை உதவியாளர் வேலை, குறைந்த சம்பளம். நம் படிப்பில் குறை கண்டால் இணைப்புப் பயிற்சியோ அறிவுத் தேர்வோ முடிக்க வேண்டும், அதுவும் ஜெர்மனில். ஒன்றரை, இரண்டு வருடம் இதற்கு ஒதுக்க மனமும் வீட்டு நிலைமையும் இருந்தால் படியுங்கள். சீக்கிரம் சம்பாதித்தாக வேண்டும் என்றால் வளைகுடா நாட்டு நர்சிங் தேர்வுகளும் பிரிட்டனுக்கான ஓஇடி என்ற ஆங்கில மொழித் தேர்வும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. புது மொழி தேவையில்லை. என் சித்தி மகன் ஐடியில் இருக்கிறான். அவனிடமும் இதே சென்டர் ‘ஜெர்மன் இல்லாமல் விசாவே கிடையாது’ என்று சொல்லியிருக்கிறது. பட்டதாரிகளுக்கான வேலை விசாவான ஐரோப்பிய நீல அட்டைக்கு ஜெர்மன் கட்டாயமே இல்லை. ஜெர்மனிக்குப் போய் வேலை தேட 2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டைக்கும் ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம், இரண்டில் ஒன்று போதும். அங்கே வாழப் போகிறவனுக்கு மொழி உதவும், அது வேறு. ஆனால் விசா பயத்தைக் காட்டி வகுப்பு விற்பது பித்தலாட்டம்.

காசு கட்டும் முன் இலவச வழியைப் பாருங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது, நர்ஸ்களுக்கு இலவச ஜெர்மன் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். தனியார் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் அவர்கள் 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பதிவு பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதைத் தாண்டத்தான் ‘மொழிப் பயிற்சிக் கட்டணம்’ என்று ரசீது போடுகிறார்கள். என் ரசீதில் வேலை பற்றி ஒரு எழுத்து இல்லை. உத்தரவாதம் பேனரில் மட்டும்தான். அதனால் பேனரையும் நோட்டீஸையும் போனில் படம் எடுத்து வையுங்கள், எனக்கு இப்போது கை கொடுப்பது அதுதான்.

பணம் இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். முடியும் வரை சென்டர் பெயரைச் சொல்ல முடியாது, கேட்காதீர்கள். அதே பேட்ச்சில் படித்தவர்கள் ரசீதைத் தேடி எடுங்கள். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எப்படி என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள்.